மெரினாவின் மணலும் எண்ணூரின் இறாலும்

கடற்கரை, மீன் சாப்பாடு என்று பேச்செடுத்தால் சென்னைக்காரர்களின் வண்டி தெற்குப் பக்கம்தான் திரும்பும். பெசன்ட் நகர், நீலாங்கரை, கோவளம், மாமல்லபுரம் என்று பட்டியல் நீளும். வடக்கே போவதென்றால் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போவதோடு சரி. அதைத் தாண்டித் திருவொற்றியூர், எண்ணூர் என்றால் பலருக்கும் நினைவில் வருவது கன்டெய்னர் லாரிகளின் வரிசையும் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளும்தான். ஆனால் ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் கொசஸ்தலை ஆறு, நடுவே நீண்டு கிடக்கும் மணல்திட்டு என்று அமைந்த எண்ணூர், இறாலுக்கும் நண்டுக்கும் மடவைக்கும் பேர்போன கடற்கரை ஊர். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் சென்னையில் இருந்தவர்கள் படகு விடவும் காற்று வாங்கவும் தேடிப்போன இடம் இது. அந்த ஊர் எங்கே போயிற்று என்று கேட்டால் ‘காலம் மாறிவிட்டது, தொழிற்சாலை வந்துவிட்டது’ என்று பதில் வரும். அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. வட சென்னையின் மணலும் மீனும் தானாகத் தேய்ந்து போகவில்லை. மாநகரின் மற்ற பகுதிகளுடைய வசதிக்காக அவை எடுத்துச் செலவழிக்கப்பட்டன. ஆகவே அவற்றை மீட்டுக் கொடுப்பதைச் சலுகை என்று சொல்லக் கூடாது, கடனைத் திருப்பிக் கட்டுவது என்றுதான் சொல்ல வேண்டும். இதை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் மணல். நம் கரையோரத்தில் மணல் ஓர் இடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். வரவு செலவு பார்த்தால் ஆண்டுக்கு ஆண்டு வடக்கே போவதுதான் அதிகம். இயற்கையாக ஓடிக்கொண்டிருந்த இந்த மணலுக்குக் குறுக்கே 1870களின் நடுவில் சென்னைத் துறைமுகத்துக்கான அலைதடுப்புச் சுவர்களைக் கடலுக்குள் கட்டத் தொடங்கினார்கள். 1881இல் அடித்த புயல் அந்த வேலையைச் சிதைத்துப் போட்டது, மறுபடி கட்டினார்கள். சுவருக்குத் தெற்கே மணல் தேங்க ஆரம்பித்தது. அதற்கு முன்னால் புனித ஜார்ஜ் கோட்டையின் மதிலுக்குப் பக்கம் வரை வந்து அடித்துக்கொண்டிருந்த கடல் விலகிப் போயிற்று. கிராண்ட் டஃப் ஆளுநராக இருந்த 1880களில் மெரினா உலாச்சாலை அமைந்தது. இன்று நாம் பெருமையோடு காட்டும் அந்தப் பரந்த மணல்வெளியில் பெரும் பகுதி, துறைமுகச் சுவரில் தடைபட்டு நின்ற மணல்.

தெற்கே தேங்கிய மணல் வடக்கே வராமல் நின்ற மணல்தானே? ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர் என்று துறைமுகத்துக்கு வடக்கே இருந்த கரை முழுவதும் வரவு இல்லாமல் செலவு மட்டும் பார்த்த கரையாகிவிட்டது. கடல் வருடா வருடம் மணலை வடக்கே எடுத்துக்கொண்டு போகும், அதை ஈடுகட்டத் தெற்கிலிருந்து எதுவும் வராது. குப்பங்கள் பின்வாங்கின. வீடுகள், படகு ஏற்றும் இடங்கள், வலை உலர்த்தும் இடங்கள் எல்லாம் கடலுக்குள் போயின. பாறாங்கற்களைக் கொட்டித் தடுப்பு கட்டினார்கள், பிறகு கடலுக்குள் நீளும் கற்சுவர்களான தூண்டில் வளைவுகள் போட்டார்கள். தூண்டில் வளைவு போட்ட இடத்தில் மணல் கொஞ்சம் சேரும், அதற்கு வடக்கே இருக்கும் குப்பத்தில் அரிப்பு கூடும். பட்டினத்தார் அடங்கிய இடம் என்று மக்கள் கும்பிடும் கோயில் இருக்கும் திருவொற்றியூர்க் கரையில், கடலைப் பார்க்கக் கருங்கல் குவியலின் மேல் ஏறி நிற்க வேண்டியிருக்கிறது. ‘வட சென்னையில் நல்ல பீச் கிடையாது’ என்று நாம் சொல்கிறோம். அங்கே கடற்கரை இருந்தது. அதை ஊட்டி வளர்த்த மணலைத்தான் துறைமுகச் சுவர் தெற்கே நிறுத்திவிட்டது. இங்கே பொறுப்பை இயற்கையின் மேல் போட வழியே இல்லை.

அடுத்தது ஆறு. எண்ணூர் மீனவர்கள் ‘ஆறு’ என்று சொல்லும் கழிவெளிதான் அந்த ஊரின் உயிர். பூண்டியிலிருந்து வரும் கொசஸ்தலை ஆறு, பக்கிங்காம் கால்வாய், வடக்கே பழவேற்காடு வரை தொடரும் உப்பங்கழி எல்லாம் ஒன்று சேர்ந்து முகத்துவாரத்தில் கடலைத் தொடுகின்றன. உப்பு நீரும் நல்ல தண்ணீரும் கலக்கும் இந்த இடத்தில் அலையாத்திச் செடிகளும் சேறும் சகதியும் இருப்பதால் வெளியாட்களுக்கு இது வெற்று நிலமாகத் தெரியும். இறாலுக்கு இதுதான் தொட்டில். இறால் முட்டையிடுவது கடலில். பொரித்து வரும் நுண்ணிய குஞ்சுகள் ஏற்றநீரோடு முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, இந்தச் சேற்றிலும் செடி வேர்களிலும் பதுங்கி வளர்ந்து, பெரிதானதும் கடலுக்குத் திரும்புகின்றன. மடவையும் கொடுவாவும் பச்சை நண்டும் வாழ்க்கையில் ஒரு பருவத்தை இப்படிப்பட்ட கழியில் கழிப்பவை. நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம் போன்ற ஊர்கள் இந்த நீரை நம்பித்தான் உருவாயின. வலை வீசுபவர்கள் மட்டும் அல்லாமல், இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து விற்றுக் குடும்பம் நடத்தும் பெண்களும் இங்கே உண்டு. படகும் வேண்டாம், டீசலும் வேண்டாம், கடனும் வேண்டாம். கையில் காசு இல்லாத வீட்டுக்கும் அன்றைய சோற்றுக்கு வழி செய்த நீர் அது.

அந்த நீருக்கு என்ன செய்தோம் என்று பாருங்கள். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் வந்தது. வட சென்னை அனல்மின் நிலையம் 1994இல் ஓடத் தொடங்கியது, பிறகு விரிவாக்கப்பட்டது. அதற்கடுத்து வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையம். 2001இல் எண்ணூர்த் துறைமுகம், இன்றைய பெயரில் காமராஜர் துறைமுகம். அதன் பக்கத்திலேயே கட்டுப்பள்ளித் துறைமுகம். நம் நாட்டு நிலக்கரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சாம்பல். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் செப்பாக்கம் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். துருப்பிடித்த குழாய்கள் ஆற்றின் மேலேயே உடைந்து ஒழுகியது பல ஆண்டுக் கதை. சாம்பல் படிந்து ஆற்றின் ஆழம் குறைந்தது, படகு தட்டும் அளவுக்கு மேடு விழுந்தது. சாம்பலோடு கன உலோகங்களும் சேற்றில் சேர்கின்றன. மின் நிலையங்கள் வெளியேற்றும் சுடுதண்ணீர் வேறு. போதாக்குறைக்கு, தென் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த ஓர் அயல் சிப்பியினம் கழியின் அடித்தரையில் விரிப்பு போலப் படர்ந்துவிட்டது. காக்கா ஆழி என்று மீனவர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இறால் பதுங்கும் சேற்றை அது மூடிவிடுகிறது, உள்ளூர் மட்டி இனங்களை நெருக்கித் தள்ளுகிறது. கப்பல்கள் எடைக்காக ஏற்றிவந்து இறக்கும் கடல்நீரோடு வந்திருக்கும் என்பது மீனவர்கள் சொல்லும் காரணம்.

இவையெல்லாம் மெதுவாக நடப்பவை. திடீரென்று நடப்பவையும் உண்டு. 2017 ஜனவரி 28 அன்று விடியும் முன் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் கசியவில்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். அடுத்தடுத்த நாள்களில் எர்ணாவூர்க் கரையில் கருங்கற்களுக்கு நடுவே தாராகத் திரண்டு நின்ற எண்ணெயை இளைஞர்களும் தொழிலாளர்களும் வாளியால் மொண்டு ஊற்றியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மீண்டும் எண்ணெய் வந்தது, இம்முறை நிலத்தின் பக்கமிருந்து. மணலி சுத்திகரிப்பு ஆலையின் வளாகத்திலிருந்து கிளம்பி, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையில் இறங்கி, அலையாத்தி, வலை, படகு, வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் அப்பியது. அந்தப் பிசுக்கு போகும் முன்பே, அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டு செல்லும் கடலடிக் குழாயிலிருந்து வாயு கசிந்து, மக்கள் மூச்சுத் திணறி நள்ளிரவில் வீடுகளைவிட்டு ஓடினார்கள். ஒரே மாதத்தில், ஒரே ஊரில், இரண்டு முறை.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு நியாயமானது: மின்சாரம் எல்லோருக்கும் வேண்டும், பெட்ரோல் வேண்டும், உரம் வேண்டும், துறைமுகம் இல்லாமல் வணிகம் இல்லை, எங்காவது ஓர் இடத்தில் இவை இருந்துதானே ஆக வேண்டும்? இருக்கட்டும். ஆனால் மின்சாரம் எடுப்பதற்குச் சாம்பல் ஆற்றில் ஒழுகியே ஆக வேண்டும் என்று எந்தப் பொறியியலும் சொல்லவில்லை. அனல்மின் நிலையச் சாம்பலைச் செங்கல்லுக்கும் சிமென்டுக்கும் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 1999இலேயே ஆணையிட்டது. குழாயைப் பழுது பார்ப்பது, ஆலை வளாகத்து எண்ணெய் மழைநீரோடு கலக்காமல் தடுப்பது, இவையெல்லாம் செலவுக் கணக்கில் வரும் சாதாரண வேலைகள். அந்தச் செலவை மிச்சம் பிடித்தபோது அது காணாமல் போகவில்லை; எண்ணூர் மீனவரின் வலைக்கும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் பெண்களின் கைக்கும் இடம் மாறியது. நம் வீட்டு மின்கட்டணம் குறைவாக இருப்பதில் அவர்கள் செலுத்திய பங்கு இருக்கிறது. தொழில் வேண்டும் என்பதற்காக அதன் முழுச் செலவையும் ஒரே ஊர் சுமக்க வேண்டும் என்று ஆகாது.

இரண்டாவது மறுப்பு: இழப்பீடு கொடுத்தாயிற்று, வேலையும் கிடைத்திருக்கிறது. 2023 எண்ணெய்க் கசிவுக்கு அரசு அறிவித்த நிவாரணம் 8.68 கோடி ரூபாய். நேரடியாகப் பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500, சேதமான 787 படகுகளுக்குத் தலா 10,000, பாதிக்கப்பட்ட பகுதியின் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. அவசரத்துக்கு அந்தப் பணம் உதவியிருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் எண்ணெய் படிந்த சேற்றில் இறால் எப்போது திரும்ப வளரும் என்பதற்கும் இந்தத் தொகைக்கும் தொடர்பே கிடையாது. எண்ணூர் மீன் என்று தெரிந்தால் வாங்குபவர் விலகிப் போவதற்கு ஈடு எதுவும் இல்லை. ஒரு நாள் விபத்துக்காவது நிவாரணம் உண்டு. ஆண்டுக் கணக்கில் படிந்த சாம்பலுக்கு எந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு என்று யாரும் கணக்குப் போட்டதில்லை. வேலை என்று பார்த்தால், தொழிற்சாலைக்குள் ஒப்பந்தக் கூலியாகப் போவதும் சொந்த வலையோடு சொந்த நேரத்தில் ஆற்றில் இறங்குவதும் ஒன்று ஆகாது. மீனவர் வீட்டுப் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போக விரும்பினால் தாராளமாகப் போகட்டும். ஆறு செத்துப்போனதால் போக நேர்ந்தால், அதை விருப்பம் என்று கணக்கில் எழுதக் கூடாது.

மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள்: காசிமேட்டுக்கு வரும் வஞ்சிரமும் வவ்வாலும் சங்கராவும் விசைப்படகுகள் ஆழ்கடலில் பிடித்து வருபவை, எண்ணூர்க் கழியில் என்ன ஆனால் நம் தட்டுக்கு என்ன? மேலே சொன்ன இறாலின் பயணத்தை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். கடலில் பிடிபடும் இறாலில் பல இனங்கள் ஏதோ ஒரு கழியில் வளர்ந்து வெளியே போனவை. இறால் குஞ்சுகளையும் சிறு மீன்களையும் தின்று வாழும் பெரிய மீன்களும் அந்தச் சங்கிலியில்தான் இருக்கின்றன. மீன் பெருகட்டும் என்றுதான் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளைக் கட்டிவைக்கச் சொல்கிறோம். பெருகும் காலத்தைக் காப்பாற்றச் சட்டம் போட்டுவிட்டு, வளரும் இடத்தை மண் கொட்டி மூடினால் அந்தத் தடைக்கே பொருள் இல்லாமல் போகிறது. தட்டைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் வெள்ளத்தையாவது எண்ணிப் பார்க்கலாம். பூண்டி நீர்த்தேக்கத்தில் திறக்கும் உபரிநீர் கடலுக்குப் போகும் வாசல் இந்த முகத்துவாரம்தான். 2015இலும் 2021இலும் மணலி புதுநகர் மூழ்கியதை மறந்துவிட முடியாது. கழிவெளி குறுகக் குறுக, வெள்ளம் வீடுகளுக்குள் இடம் தேடும்.

நான்காவது மறுப்புதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது: ‘எண்ணூர் கெட்டது கெட்டுவிட்டது, இனி அதைத் தொழிற்பகுதியாகவே விட்டுவிடலாம்.’ எண்ணூர் முழுவதும் கெட்டுவிடவில்லை. இன்றும் அங்கே ஆற்றில் வலை விழுகிறது, இறால் ஏறுகிறது, அலையாத்தி முளைக்கிறது. ஜப்பானின் மினமாட்டா வளைகுடாவைவிட மோசமாக நஞ்சான கடல் உலகில் அதிகம் இருக்காது. பாதரசம் கலந்த மீனைத் தின்று மக்கள் நரம்பு நோய்க்கு ஆளான இடம் அது. நஞ்சேறிய சேற்றை ஆண்டுக் கணக்கில் அள்ளி அகற்றி, 1997இல் மீன் பாதுகாப்பானது என்று அறிவித்து, நஞ்சேறிய மீன் வெளியேறாமல் கட்டியிருந்த தடுப்பு வலையை எடுத்தார்கள். அந்த அளவுக்கு எண்ணூர் போகவில்லை. மணலுக்கும் அவ்வளவு தூரம் போய் எடுத்துக்காட்டு தேட வேண்டாம். 1980களின் இறுதியில் துறைமுகத் தடுப்புச் சுவர்களால் கடற்கரையை இழந்த புதுச்சேரியில், கடலடியில் தடுப்பு அமைத்து மணலையும் கொட்டி 2018 வாக்கில் மீண்டும் கரையை வரவழைத்தார்கள். அதை வடிவமைத்த தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் இருப்பது நம் பள்ளிக்கரணையில். விசாகப்பட்டினத்தில் துறைமுகம் தூர்வாரும் மணலை ஊர்க் கடற்கரைக்கே திருப்பி அனுப்பும் வழக்கம் உண்டு. ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் தேங்கும் மணலை 2001 முதல் குழாய் வழியாக மறுபக்கக் கரைக்குச் செலுத்துகிறார்கள். தொழில்நுட்பம் கையிலிருக்க, மனம்தான் வரவில்லை.

கடைசியாக ஒரு பதில் வரலாம்: அரசு சும்மா இருக்கவில்லை, வட சென்னை வளர்ச்சித் திட்டம் 2024இல் தொடங்கிவிட்டது, கடற்கரைகளை மேம்படுத்தும் திட்டங்களும் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. இதை நான் வரவேற்கிறேன். பூங்காவும் கழிப்பறையும் விளக்கும் வடக்கே வாழ்பவர்களுக்கும் உரிமையானவை. கோவளம் 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்றதைக் கொண்டாடிய நாம், எண்ணூர் மக்கள் மாலையில் உட்காரச் சுத்தமான ஒரு கரை கேட்டால் மறுக்க முடியாது. ஆனால் வரிசையைக் கவனிக்க வேண்டும். ஆறு சாம்பலோடு ஓடும்போது கரையில் பெஞ்சு போடுவது தலைகீழான வரிசை. அலங்காரத்துக்காகப் படகு நிறுத்தும் இடமும் வலை உலர்த்தும் இடமும் பறிபோனால், மீட்பு என்ற பெயரில் இன்னொரு இழப்பு சேரும். இன்னொரு பக்கம், அதே கழிவெளியை ஒட்டிக் கட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராகப் பெருக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டிருக்கிறது. எண்ணூரில் புதிய அனல்மின் அலகுக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் 2024 டிசம்பரில் நடந்தது. கடனை அடைக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே புதுக்கடன் வாங்குவதை மேம்பாடு என்று ஏற்க என் மனம் இடம் தரவில்லை.

ஆகவே கேட்க வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. கழிவெளியின் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கர் பாதுகாக்கப்பட்ட நீர்ப்பகுதி என்று காட்டியது 1996ஆம் ஆண்டின் கடலோர மண்டல வரைபடம். பின்னால் காட்டப்பட்ட வரைபடத்தில் அந்தப் பாதுகாப்பே காணோம் என்று 2017இல் மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் குரல் எழுப்பினார்கள். 1996 வரைபடத்தின் எல்லைதான் செல்லும் என்று அரசு ஐயத்துக்கு இடமின்றி அறிவிக்க வேண்டும். அதற்குள் இனி ஒரு லாரி மண்கூட விழக் கூடாது. ஆற்றில் படிந்த சாம்பலை அகற்றிக் கழியைச் சீரமைக்க வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் இட்ட ஆணையைக் காலக்கெடு வைத்து, அப்பகுதி மீனவர்களைக் கண்காணிப்புக் குழுவில் உட்காரவைத்து நிறைவேற்ற வேண்டும். துறைமுகங்கள் தூர்வாரும் மணலில் ஒரு பங்கை ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கரைக்குத் தருவதை அவற்றின் அனுமதி நிபந்தனையாகவே ஆக்க வேண்டும். புதிதாக எந்த ஆலை வருவதானாலும், இருக்கும் பாதிப்பு குறைந்ததாக அளந்து காட்டிய பிறகே அதைப் பற்றிப் பேச வேண்டும்.

இதைப் படிக்கும் நீங்கள் அடையாறிலோ அண்ணா நகரிலோ தாம்பரத்திலோ இருக்கலாம். உங்கள் வீட்டு விளக்குக்கும் வண்டியின் பெட்ரோலுக்கும் நீங்கள் மாலையில் நடக்கும் மணலுக்கும் வட சென்னையோடு கணக்கு இருக்கிறது. எண்ணூர்த் திட்டங்களுக்கான கருத்துக்கேட்புக் கூட்டங்களில் இதுவரை குப்பத்து மக்களே பெரும்பாலும் தனியாக நின்று பேசியிருக்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு அறிவிப்பு வரும்போது எழுத்துமூலம் கருத்து அனுப்ப யாருக்கும் உரிமை உண்டு, எண்ணூரில் குடியிருக்க வேண்டிய அவசியமில்லை. அந்த உரிமையைப் பயன்படுத்துங்கள். முடிந்தால் நேரில் போய் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள்.